லிங்கனின் நியமனக் கடிதங்கள்: பெருந்தன்மையா, கணக்கா?

பிப்ரவரி 3 (வாசகர் கேள்வி)

"லிங்கன் தன்னை எதிர்த்து நின்ற நான்கு பேரையும் அமைச்சர்களாக்கிக்கொண்டார். இப்படிப்பட்ட பெருந்தன்மை வேறு எந்த ஜனாதிபதிக்கு இருந்தது? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் யாராவது உண்டா?"

பிப்ரவரி 3, இரவு

உண்டு. எனக்கு உண்டு.

நான்கு பேர் என்பது சரிதான்: சூவர்ட், சேஸ், கேமரன், பேட்ஸ். ஆனால் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 1860 மே மாதம் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டின் முதல் சுற்று வாக்குகளைப் பாருங்கள். சூவர்டுக்கு 173½, லிங்கனுக்கு 102, கேமரனுக்கு 50½, சேஸுக்கு 49, பேட்ஸுக்கு 48. லிங்கன் வென்றது மூன்றாவது சுற்றில். கட்சியில் பெரும்பாலானோருக்கு அவர் முதல் விருப்பம் இல்லை. நியூயார்க், ஒஹையோ, பென்சில்வேனியா, மிசௌரி என்று ஆளுக்கு ஒரு மாநிலத்தைப் பின்னால் வைத்திருந்த இந்த நால்வரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவர் யாரை வைத்து ஆட்சி நடத்தியிருப்பார்? கட்சி தொடங்கி ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. பாதிப் பேர் பழைய விக் கட்சிக்காரர்கள், பாதிப் பேர் ஜனநாயகக் கட்சியிலிருந்து வந்தவர்கள். ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள்.

பெருந்தன்மை என்ற சொல்லை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதவியேற்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் அவர் எழுதிய தனிப்பட்ட கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் படித்தால் தெரிவது வேறு ஆள். பயம், கணக்கு, பேரம், அவசரம், பிறகு எழுதியதை எண்ணி வருத்தம். எனக்கு அந்த ஆளைத்தான் பிடித்திருக்கிறது.

முதல் சான்று, 1860 டிசம்பர் 8. சூவர்டுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் எழுதுகிறார். ஒன்று முறைப்படியானது: உங்கள் அனுமதியுடன் உங்களை வெளியுறவு அமைச்சராக செனட்டுக்குப் பரிந்துரைப்பேன், வசதிப்பட்டபோது பதில் எழுதுங்கள். இரண்டே வாக்கியம். மற்றது தனிப்பட்டது, நீளமானது. "நீங்கள் மறுத்துவிடுவீர்கள் என்ற எதிர்பார்ப்பில், வெறும் மரியாதைக்காக இந்தப் பதவியைத் தரப்போவதாகப் பத்திரிகைகளில் வதந்தி வந்திருக்கிறது, அதற்கு இடமளிக்கும்படி நான் எதுவும் சொல்லவில்லை" என்று அதில் விளக்குகிறார். சிகாகோ மாநாட்டு நாளிலிருந்தே இந்த இடம் உங்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன் என்கிறார்.

ஆனால் அந்த இரண்டு கடிதங்களும் நேராக சூவர்டுக்குப் போகவில்லை. உறை ஒட்டப்படாமல், துணை ஜனாதிபதியாகத் தேர்வாகியிருந்த ஹேம்லினுக்குப் போயின. கூடவே ஹேம்லினுக்கு ஒரு கடிதம்: செனட்டர் டிரம்புல்லுடன் கலந்து பேசுங்கள், இருவருக்கும் ஆட்சேபம் இல்லை என்றால் உடனே சூவர்டிடம் கொடுங்கள், இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

"சிகாகோ நாளிலிருந்தே உங்களுக்குத்தான்" என்று எழுதிய கடிதத்தை, கொடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டு பேர் பிரித்துப் படித்து முடிவு செய்திருக்கிறார்கள். இதைப் பெருந்தன்மை என்பீர்களா?

பிப்ரவரி 4

ஒருவர் கேட்கிறார்: "தேர்தல் இரவிலேயே ஒரு தாளில் பெயர்களை எழுதி அமைச்சரவையை முடித்துவிட்டாராமே?"

அப்படி ஒரு கதை உண்டு, அழகான கதை. ஆனால் டிசம்பர் 24 அன்று அவர் ஹேம்லினுக்கு எழுதியதைப் படியுங்கள். நியூ இங்கிலாந்திலிருந்து (வடகிழக்கு மாநிலங்கள்) ஜனநாயகக் கட்சிப் பின்னணி உள்ள ஒருவர் வேண்டும், அந்தப் பின்னணி இல்லாததே ஆடம்ஸுக்குத் தடை என்கிறார். பேங்க்ஸ், வெல்ஸ், டக் மூவரையும் மனத்தில் வைத்திருக்கிறேன், உங்கள் பகுதி உறுப்பினர்கள் யாரை விரும்புகிறார்கள், "அல்லது நானே முடிவு செய்துவிடட்டுமா?" என்று முடிக்கிறார். தேர்தல் முடிந்து ஏழு வாரத்துக்குப் பிறகும் ஓர் இடத்துக்கு மூன்று பெயர். முடித்தவர் எழுதும் கடிதமா இது?

கடைசிக் கேள்வியில் ஒரு குறும்பு இருக்கிறது, கவனித்தீர்களா? கேட்கவும் கேட்டாயிற்று, கேட்காமலே செய்வேன் என்று சொல்லவும் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 6

கேமரனுக்கு வருகிறேன். இந்த இழையில் நான் வாய் திறந்ததே இந்த மனிதருக்காகத்தான்.

சைமன் கேமரன், பென்சில்வேனியாவின் செனட்டர், கட்சித் தலைவர், கை சுத்தமில்லாதவர் என்று ஊர் முழுக்கப் பெயர். சிகாகோவில் லிங்கனின் ஆள் டேவிட் டேவிஸ், பென்சில்வேனியா வாக்குகளுக்கு ஈடாக கேமரனுக்கு ஒரு துறை உண்டு என்று வாக்குக் கொடுத்ததாக கேமரன் தரப்பினர் சொல்லிவந்தார்கள். "என்னைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் செய்யாதீர்கள்" என்று லிங்கன் ஒரு பத்திரிகையின் ஓரத்தில் எழுதி மாநாட்டுக்கு அனுப்பியிருந்தார். எழுதியவர் தன் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்தார். பேரம் பேசியவர்கள் சிகாகோவில் இருந்தார்கள். அந்த ஓரக்குறிப்பு யாரைக் கட்டுப்படுத்தியது?

டிசம்பர் கடைசியில் கேமரன் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வருகிறார். 31ஆம் தேதியிட்ட கடிதம் அவர் கைக்குப் போகிறது: உங்களை நிதி அமைச்சராகவோ போர்த்துறை அமைச்சராகவோ பரிந்துரைப்பேன், இரண்டில் எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கேமரன் சட்டைப்பையில் கடிதத்துடன் ஊர் திரும்புகிறார். அதை நண்பர்களிடம் காட்டாமல் இருக்க அவர் என்ன துறவியா?

மூன்று நாள் கழித்து, 1861 ஜனவரி 3, பென்சில்வேனியாவிலேயே கேமரனைப் பிடிக்காத அரசியல்வாதி மெக்ளூர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்து லிங்கனைச் சந்திக்கிறார். அன்றே லிங்கன் கேமரனுக்கு எழுதுகிறார். எடுத்த எடுப்பில் இப்படி: "உங்களைச் சந்தித்த பிறகு நடந்தவை உங்களை அமைச்சரவையில் சேர்ப்பதை இயலாததாக்கிவிட்டன." மெக்ளூர் வந்ததால் இப்படி என்பீர்கள், ஓரளவு உண்மை, முழு உண்மை இல்லை, பெரிய காரணம் பென்சில்வேனியாவுக்கு வெளியே இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குச் சுதந்திரம் இல்லை. ஆகவே நீங்களே பதவி வேண்டாம் என்று எனக்கு எழுதிவிடுங்கள். உங்களுக்கு அழைப்பு வந்தது வெளியே தெரிந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இல்லையென்றால் நான் வெளிப்படையாகவே திரும்பப் பெற நேரிடும். இந்தக் கடிதம் எழுதுவது உயிரோடு இருக்கும் எவருக்கும் தெரியாது.

பின்குறிப்பு: கிடைத்த உடனே "சரி" என்று தந்தி அடியுங்கள்.

தந்தி வரவில்லை. நீங்கள் கேமரனாக இருந்தால் அடித்திருப்பீர்களா?

பத்து நாள் மௌனம். கேமரன் புண்பட்டிருக்கிறார் என்று பிறர் வழியாக லிங்கனுக்குச் செய்தி வருகிறது. ஜனவரி 13 அன்று மறுபடி எழுதுகிறார். மிகுந்த பதற்றத்தில் எழுதினேன், சொற்களில் போதிய கவனம் இல்லாமல் இருந்திருக்கலாம், உங்களை அவமதிக்கும் எண்ணம் இல்லை. பென்சில்வேனியாவின் செனட் தேர்தலோடு இது சிக்கிக்கொள்வதற்கு முன் நீங்கள் விரைந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த மோசமான கடிதத்தை அழித்துவிடுங்கள் அல்லது எனக்கே திருப்பி அனுப்புங்கள்.

அதோடு இன்னொரு கடிதத்தை உள்ளே வைக்கிறார். அதன் தேதி? ஜனவரி 3.

பழைய தேதியிலேயே, புதிதாக எழுதிய, மென்மையான கடிதம். நீங்கள் என் அழைப்பின் பேரில்தான் வந்தீர்கள், நீங்களாக வரவில்லை; அழைப்பைத் திரும்பப் பெற அனுமதித்தால் பெரிய சங்கடத்திலிருந்து என்னை விடுவிப்பீர்கள்; எதிர்பாராத சிக்கல்தான் காரணம், உங்கள் திறமை குறித்தும் நேர்மை குறித்தும் என் எண்ணம் மாறவில்லை. நாலு பேரிடம் காட்டத்தக்க கடிதம். முந்தையதை யாரிடமும் காட்ட முடியாது, ஆகையால் காட்டுவதற்கென்றே ஒன்று.

பிப்ரவரி 6, மறுபடி

"நேர்மையான ஏப் (ஆப்ரஹாம்) என்று பெயர் வாங்கியவர் முன்தேதியிட்ட கடிதம் எழுதினாரா, ஆதாரம் உண்டா?" என்று கொதித்திருக்கிறார் ஒருவர். அச்சிட்ட லிங்கன் எழுத்துத் தொகுதிகளில் மூன்று கடிதங்களும் இருக்கின்றன. கொதிக்க ஒன்றுமில்லை. அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் அனுப்புகைப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நீல அட்டை போட்ட, பக்க எண் அச்சடித்த பெரிய பதிவேடு. ஒரு மாலை மேலாளர் வந்து நின்றார். "தம்பி, இன்றைய தேதியில் ஒரு வரியைக் காலியாக விடு, எண் மட்டும் போட்டு வை" என்றார். ஏன் என்று கேட்கவில்லை, கேட்கிற வயதும் இல்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு நியமனக் கடிதம் வந்தது. அந்த எண், அந்தத் தேதி. காலி வரியில் பெயரை நான்தான் எழுதினேன். மை வேறு நிறமாக இருந்தது என்று மேலாளர் பேனாவைக் கொடுத்து மறுபடி என்னையே அதன்மேல் எழுதச் சொன்னார்.

அன்றிலிருந்து எந்தக் கடிதத்தின் தலையில் தேதியைப் பார்த்தாலும், இது எழுதிய தேதியா, இருக்க வேண்டிய தேதியா என்றுதான் எனக்குத் தோன்றும். லிங்கனின் காரியத்தையும் எங்கள் மேலாளரின் காரியத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் வாய்ப்பை இழந்திருப்பார். லிங்கன் கடிதத்தில் யாரும் எதையும் இழக்கவில்லை. ஒரு மனிதரின் முகம் காப்பாற்றப்பட்டது. அவர் ஒளிக்கவும் இல்லை, இது மாற்றுக் கடிதம் என்று பெறுபவரிடமே சொல்லித்தான் கொடுக்கிறார். இருந்தாலும் வேலை ஒன்றுதான். காகிதத்தில் ஒரு வேறு ஜனவரி 3ஐ உண்டாக்குவது.

பிப்ரவரி 9

"தனிப்பட்ட கடிதத்தை வைத்து ஒருவரை எடைபோடலாமா?" நியாயமான கேள்வி. அந்தக் காகிதங்களை வைத்திருந்த மகன் ராபர்ட் லிங்கனுக்கும் அந்தத் தயக்கம் இருந்திருக்க வேண்டும். தந்தையின் காகிதங்களை நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தவர், தான் இறந்து 21 ஆண்டு கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவர் இறந்தது 1926 ஜூலை 26. 1947 ஜூலை 26 நள்ளிரவில் திறந்தார்கள்.

எடைபோடுவதில் ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். காகிதக் கட்டில் இருக்கிற எல்லாக் கடிதமும் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கக் கூடாது. 1861 ஏப்ரல் 1 அன்று சூவர்ட், பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத ஜனாதிபதிக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். நிர்வாகத்துக்குக் கொள்கை என்று ஒன்றும் இல்லை, யாராவது ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பாணியில். அந்த "யாராவது" யார் என்பது சொல்லாமலே தெரியும். லிங்கன் அன்றே பதில் எழுதினார்: அது செய்யப்பட வேண்டும் என்றால் நான்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பதில் லிங்கனின் காகிதங்களிலேயே கிடந்தது. அதை அனுப்பாமல் நேரில் பேசி முடித்திருப்பார் என்பதுதான் பெரும்பாலோர் கருத்து.

கேமரனுக்கு எழுதிய ஜனவரி 3 கடிதத்தையும் ஓர் இரவு மேஜைமேல் வைத்திருந்தால் பாதிச் சிக்கல் குறைந்திருக்கும். மூன்று மாதத்தில் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார் என்று எழுதத் துடிக்கிறது கை. எழுதமாட்டேன், 1862ஐப் பார்த்தால் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 9

இடையில் ஒரு சிரிப்பு. 1863 நவம்பரில் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனுக்கு லிங்கன் எழுதியது: நியூ ஜெர்சியின் ஜேக்கப் ஃப்ரீஸ் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றுக்குக் கர்னலாக நியமிக்கப்பட வேண்டும் என்பது என் தனிப்பட்ட விருப்பம், "ஜூலியஸ் சீசரின் தலைமுடி சரியாக என்ன நிறம் என்று அவருக்குச் சொல்லத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்."

தேர்வுக் குழுவில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற எல்லோரும் இதை அச்சடித்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 10

மேலே ஸ்டான்டன் பெயரைச் சொன்னதும் ஒருவர் பிடித்துக்கொண்டார்: "பார்த்தீர்களா, வழக்கறிஞராக இருந்த காலத்தில் லிங்கனை அவமதித்தவரையே முதல் அமைச்சரவையில் சேர்த்தாரே!" முதல் அமைச்சரவையில் இல்லை. 1861 மார்ச்சில் போர்த்துறை கேமரனுக்குத்தான் போனது. ஆமாம், அவ்வளவு கடிதத்துக்குப் பிறகும்! நிதித்துறை சேஸுக்கு. ஏன் சேஸ் என்று ஜனவரி 7 அன்று டிரம்புல்லுக்கு எழுதிய கடிதத்தில் லிங்கன் பிரித்துச் சொல்கிறார்: திறமை, உறுதி, தூய்மை ஆகியவற்றால் சேஸ் பொருத்தமானவர்; சூவர்ட் நியமனத்தால் முகம் சுளிக்கும் பிரிவினரைச் சமாதானப்படுத்த அவரால் மட்டுமே முடியும் என்பதால் அவசியமானவர். அடுத்த வரியிலேயே பென்சில்வேனியாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்ற கவலை, அதற்கு கேமரனை எப்படி ஒத்துழைக்க வைப்பது என்ற யோசனை. ஒரு செங்கல்லை வைத்தால் அடுத்தது நழுவுகிறது.

பிப்ரவரி 13

"இந்தத் தலைவலி லிங்கனுக்கு மட்டும்தானா?" இல்லை. ஆனால் முதல் ஜனாதிபதி வாஷிங்டனின் தலைவலி தலைகீழானது. இவருக்கு ஆள் கூட்டம், அவருக்கு ஆள் பஞ்சம்.

1795 ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் ராண்டால்ஃப் விலகிவிட்டார். அக்டோபர் 29 அன்று வாஷிங்டன், நிதி அமைச்சர் பதவியை விட்டு நியூயார்க்கில் வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பியிருந்த ஹாமில்டனுக்குத் தனிப்பட்ட முறையில் எழுதுகிறார்: வெளியுறவு அமைச்சருக்கு நான் என்ன செய்வது? பேட்டர்சன், ஜான்சன், பிங்க்னி, பாட்ரிக் ஹென்றி என்று நான்கு பேர் மறுத்தாயிற்று. ரூஃபஸ் கிங் வருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். ஹென்றி சொன்ன காரணம் எனக்கு மறக்கவில்லை. இந்த மனைவிக்கு மட்டும் எட்டுக் குழந்தைகள், குடும்பத்தில் யாருக்கும் பெரியம்மை வந்ததில்லை, மனைவி இருக்கும் நிலையில் பெரியம்மை உள்ள ஃபிலடெல்ஃபியா பக்கம் வர முடியாது. இதற்கு எந்த ஜனாதிபதி என்ன பதில் எழுத முடியும்?

கிங்கும் மறுத்தார். ஹாமில்டனின் பதில்: முதல் தரமானவர் கிடைக்கமாட்டார், நல்ல மனப்பாங்கும் ஒப்புக்குத் தகுதியும் உள்ள இரண்டாம் தரத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், அரசுக்கு இது நல்ல சகுனம் இல்லை. கடைசியில் அந்தத் துறையைத் தற்காலிகமாகக் கவனித்துக்கொண்டிருந்த பிக்கரிங்குக்கே பதவி போனது. இத்தனைக்கும் அந்தப் பிக்கரிங்குக்குத்தான் செப்டம்பரில் வாஷிங்டன், அரசின் கொள்கைக்கு எதிரான கருத்துள்ளவரைத் தெரிந்தே முக்கியப் பதவியில் அமர்த்துவது ஒருவகை அரசியல் தற்கொலை என்று எழுதியிருந்தார். முதல் பதவிக்காலத்தில் எதிரெதிர்க் கருத்துள்ள ஜெஃபர்சனையும் ஹாமில்டனையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பார்த்தவர் சொல்லும் வாக்கியம் அது.

எதிரிகளை உள்ளே வைத்துக்கொள்வது உயர்ந்த குணம் என்று கேள்வி கேட்டவர் இதற்கு என்ன சொல்வார்? வாஷிங்டன் குணம் கெட்டவரா? சொந்தத் தம்பி மகன் புஷ்ராட் அரசு வழக்கறிஞர் பதவி கேட்டபோது, என் நியமனங்கள்மீது ஆயிரம் கண்கள் இருக்கின்றன என்ற பொருள்பட எழுதி மறுத்தவர் அவர்.

பிப்ரவரி 17

1862க்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

போர் நடக்கிறது, போர்த்துறையில் கொள்முதல் ஊழல் நாறுகிறது. 1861 டிசம்பரில் கேமரன், அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஆயுதம் கொடுக்கலாம் என்ற பரிந்துரையோடு தன் ஆண்டறிக்கையை ஜனாதிபதியிடம் காட்டாமலே அஞ்சல் அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டார். பிரதிகளைத் திரும்பப் பெறும்படி ஆயிற்று. 1862 ஜனவரி 11 தேதியிட்டு லிங்கனின் கடிதம்: இடம் மாற விரும்புவதாக நீங்கள் ஒருமுறைக்கு மேல் சொல்லியிருப்பதால், பொதுநலனுக்கு முரண்படாமல் இப்போது அதை நிறைவேற்ற முடிகிறது, அடுத்த திங்கட்கிழமை உங்களை ரஷ்யத் தூதராக செனட்டுக்குப் பரிந்துரைக்கப் போகிறேன். அவ்வளவுதான். நன்றி என்று ஒரு சொல் இல்லை.

கேமரன் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார் என்று பின்னாளில் எழுதியவர் யார் தெரியுமா? அதே மெக்ளூர்.

பிறகு என்ன நடந்தது என்று இந்த இழையை முதலிலிருந்து படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள். அதே ஜனவரி 11 தேதியில் இன்னொரு கடிதம். "உங்கள் விருப்பத்தை நான் மறக்கவில்லை, தவறான பொருள் கொள்ளப்படும் நேரத்தில் மாற்றம் செய்யத்தான் தயங்கினேன்" என்று தொடங்கி, ரஷ்யாவில் தூதராக இருக்கும் கிளே திரும்ப விரும்புவதால் இப்போது வழி பிறந்தது என்று காரணம் காட்டி, உங்கள் திறமை, நாட்டுப்பற்று, பொறுப்புணர்வு ஆகியவற்றில் எனக்கு நம்பிக்கை உண்டு என்று சான்றிதழ் கொடுக்கிறது. கேமரனின் விலகல் கடிதமும் அதே தேதியில். கோப்பு அழகாக முடிந்தது.

அதே ஆள், அதே தவறு, அதே வைத்தியம்! இரண்டாவது முறை படித்தபோது சிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 18, அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று சிரித்ததோடு நிறுத்தியது சரியில்லை என்று தோன்றுகிறது.

1862 ஏப்ரல் 30 அன்று பிரதிநிதிகள் சபை கேமரனைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. போரின் தொடக்க நாள்களில், தலைநகர் துண்டிக்கப்பட்டிருந்தபோது, தனியார் சிலர் கையில் அரசுப் பணத்தைக் கொடுத்து ஆயுதம் வாங்கச் சொன்ன விவகாரம். கேமரன் அப்போது பதவியில் இல்லை. லிங்கன் பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் மே மாதக் கடைசியில் அவர் காங்கிரஸுக்கு ஒரு செய்தி அனுப்பினார். அந்த முடிவில் நானும் மற்ற துறைத் தலைவர்களும் சமப் பொறுப்பாளிகள், கண்டனம் கேமரன் ஒருவர் தலையில் விழ விடுவது நேர்மையும் இல்லை, நியாயமும் இல்லை என்றார்.

இது தனிப்பட்ட கடிதம் இல்லை. முன்தேதி இல்லை, மாற்றுக் கடிதம் இல்லை. பகிரங்கமாக, கையெழுத்திட்டு, தனக்கு நஷ்டமான நேரத்தில்.

கணக்கு இல்லை என்று சொல்லமாட்டேன். 1864 தொடக்கத்தில் லிங்கனை மறுபடி வேட்பாளராக்க பென்சில்வேனியாவில் முதலில் ஆள் திரட்டியவர்களில் கேமரன் ஒருவர். ஆனால் 1862 மே மாதம் உட்கார்ந்து 1864க்குக் கணக்குப் போட்டார் என்றால், அது என் வாதத்தை ஜெயிக்க வைப்பதற்காக நானே போடும் கணக்கு. பிப்ரவரி 3 இரவு "பெருந்தன்மையை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிய வரியைத் திரும்பப் பெறவில்லை. நியமிக்கும்போது கணக்குத்தான். அனுப்பிவைத்த பிறகு நடந்ததற்குத்தான் வேறு பெயர் தேவைப்படுகிறது.

பிப்ரவரி 18

கேள்வி கேட்டவர் "அப்படி வாருங்கள் வழிக்கு" என்று எழுதியிருக்கிறார். நான் பாதி வழியில்தான் நிற்கிறேன். மறுபடி படிக்கவும்.

பிப்ரவரி 22

சூவர்டை விட்டுவிட்டோமே என்று ஒருவர் நினைவூட்டினார். பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்பு, 1861 மார்ச் 2 அன்று சூவர்ட், சூழ்நிலை மாறிவிட்டதால் டிசம்பரில் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற அனுமதி வேண்டும் என்று எழுதினார். சேஸ் உள்ளே வருவது பிடிக்கவில்லை. தான் இல்லாமல் நடக்காது என்ற நம்பிக்கை. லிங்கன் மார்ச் 4 காலை, ஊர்வலத்துக்குத் தெருவில் ஆள்கள் கூடும் நேரத்தில், பதில் எழுதிச் செயலர் நிக்கோலேயிடம் படியெடுக்கக் கொடுத்தார். சீட்டாட்டத்தில் முதல் பிடியை சூவர்டுக்கு விட்டுக்கொடுக்க எனக்குக் கட்டாது என்று சொன்னாராம்.

கடிதமோ தேன். உங்கள் குறிப்பு எனக்கு மிகுந்த வேதனை தருகிறது, பொதுநலன் கேட்கிறது, என் தனிப்பட்ட உணர்வும் அதையே கேட்கிறது, விலகலை ரத்து செய்யுங்கள். கடைசி வரி: யோசித்து, நாளை காலை 9 மணிக்குள் பதில் தாருங்கள்.

உருக்கமான கடிதத்தில் மணிக்கணக்கு வைக்கிறவரை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. சூவர்ட் 5ஆம் தேதி சம்மதித்தார், ஆட்சி முடியும்வரை இருந்தார்.

பிப்ரவரி 27

சேஸ் பற்றிக் கேட்டவருக்கு. அவர் பலமுறை விலகல் கடிதம் கொடுத்தவர், ஒவ்வொரு முறையும் லிங்கன் சமாதானம் செய்வார். 1864 ஜூனில் நியூயார்க்கின் துணைக் கருவூல அதிகாரி பதவிக்கு யார் என்பதில் தகராறு. செனட்டர் மார்கனின் எதிர்ப்பு இருப்பதால் நீங்கள் சொல்லும் ஆளை நியமிப்பது எனக்குப் பெரும் சங்கடம் என்று லிங்கன் எழுத, சேஸ் வழக்கம்போல் விலகல் கடிதம் அனுப்ப, ஜூன் 30 அன்று இந்தப் பதில் வந்தது: உங்கள் திறமையையும் விசுவாசத்தையும் பாராட்டிச் சொன்ன எதையும் திரும்பப் பெற வேண்டியதில்லை, ஆனாலும் நம் அலுவல் உறவு பரஸ்பரச் சங்கடத்தின் ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டது, அதைத் தாண்டவோ இனியும் தாங்கவோ முடியாது. விலகல் ஏற்கப்பட்டது. சேஸ் இதை எதிர்பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்துக்கு மாற்றுக் கடிதம் எழுதவேண்டி வரவில்லை. முதல் எழுத்திலேயே நாலு பேரிடம் காட்டலாம்.

அடுத்த நிதி அமைச்சர் வந்த விதம் இன்னும் வேடிக்கை. முதலில் அழைக்கப்பட்ட ஒஹையோவின் டாட் உடல்நலம் காரணம் காட்டி மறுத்துவிட்டார். ஜூலை 1 காலை செனட் நிதிக்குழுத் தலைவர் ஃபெசன்டன், வேறு ஒருவர் பெயரைச் சிபாரிசு செய்ய வெள்ளை மாளிகைக்கு வந்தார். உங்கள் பெயரையே செனட்டுக்கு அனுப்பியாயிற்று என்றார் லிங்கன். ஃபெசன்டன் பதறி, திரும்பப் பெறுங்கள் என்று மன்றாடினார், உடம்பு தாங்காது என்றார். லிங்கன் மறுத்தார். ஃபெசன்டன் செனட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒப்புதலே கிடைத்துவிட்டது. அதன் பிறகும் மறுப்புக் கடிதம் எழுதிப் பார்த்தார், லிங்கன் அதை ஏற்கவில்லை.

சேஸ் அந்த டிசம்பரில் தலைமை நீதிபதியானார். கடிதம் ஏதும் வேண்டியிருக்கவில்லை, பெயர் நேராக செனட்டுக்குப் போனது.